ஹீத்கிட் எச்டபிள்யூ-101: சுவிட்ச் போடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

#1 | குறுஅலை

வணக்கம். ஹீத்கிட் எச்டபிள்யூ-101 (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ டிரான்சீவர்) ஒன்றும் அதற்கான எச்பி-23 பவர் சப்ளையும் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கின்றன. யார் கட்டியது என்று தெரியாது. பல வருஷம் பரணில் கிடந்த செட். பெயிண்ட், டயல், நாப் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. மேனுவலும் கூடவே வந்திருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் பென்சிலால் டிக் போட்டிருக்கிறது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

முதலில் எதைப் பார்ப்பது? 120 வோல்ட் சப்ளையை நம்ம 230-இல் எப்படி ஓட்டுவது? இன்னொன்று: ஹீத்கிட் தரத்தில் ஃபேக்டரியில் கட்டிய காலின்ஸ் செட்டுக்கு நிகர் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வீட்டு மேஜையில் கட்டியது ஃபேக்டரி செட் ஆகுமா என்று இன்னொரு சாரார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

#2 | ஈயப்பற்று

குறுஅலை, கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

எச்டபிள்யூ-101 என்பது ஒரே செட் இல்லை. 1970 முதல் 1983 வரை விற்ற மாடல். சர்க்யூட் ஒன்று, பாகங்கள் ஒன்று, ஆனால் ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆள் கட்டினார். மிச்சிகன் மாநிலம் பென்டன் ஹார்பரிலிருந்து பெட்டி கிளம்பும்போது இருந்த தரம் எல்லாருக்கும் சமம். அதற்குப் பிறகு சால்டரிங் அயர்ன் பிடித்த கையின் தரம்தான். ஆகவே "ஹீத்கிட் நல்லதா" என்று கேட்பதைவிட "இந்த ஹீத்கிட் நல்லதா" என்று கேளுங்கள். அதற்கு விடை முன் பேனலில் இல்லை, அடித்தட்டில் இருக்கிறது.

மேனுவல் கையில் இருப்பது பெரிய வசதி. அதில் ஒவ்வொரு படியும் இந்த மாதிரி இருக்கும்: இந்த ரெசிஸ்டரின் ஒரு காலை இந்த சாக்கெட்டின் 2-ஆம் லக்கில் (வயர் மாட்டும் உலோகக் காது) மாட்டு, இன்னும் சால்டர் வைக்காதே, மறு காலை அந்த டெர்மினல் ஸ்ட்ரிப்பின் 4-ஆம் லக்கில் மாட்டு, இப்போது சால்டர் வை, எஸ்-2. அந்த 2 என்பது அந்த லக்கில் சேர வேண்டிய வயர்களின் எண்ணிக்கை. மூன்று வயர் சேர வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதென்றால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று கட்டுகிறவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். இவ்வளவு அக்கறையாக எழுதிய அசெம்பிளி மேனுவலை இன்றைய கிட்டுகளில் காண்பது அரிது. பென்சில் டிக் முழுவதும் இருக்கிறது என்பதும் நல்ல சகுனம்தான், நிதானமாகக் கட்டியவர் என்று தெரிகிறது. ஆனால் டிக் போட்டது சால்டர் சரியாக ஓடியதற்குச் சாட்சி ஆகாது.

அடி மூடியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சேஸியோடு சேரும் கிரவுண்ட் லக்குகள். உலோகத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். 25 வாட் பென்சில் அயர்னால் வைத்தவர்களின் பற்று மேலே உருண்டையாக நிற்கும், கீழே ஒட்டியிருக்காது. டிரை சால்டர் அதிகம் அகப்படுவது இங்கேதான். 60 முதல் 80 வாட் அயர்னால், 60/40 ரெசின் கோர் ஈயம் கொஞ்சம் புதிதாக விட்டு மறுபடி உருக்குங்கள். ஈயமில்லாத சால்டரைப் பழைய பற்றோடு கலக்க வேண்டாம்.

இரண்டாவது, சர்க்யூட் போர்டை சேஸியோடு பிடித்திருக்கும் திருகுகள். இந்த வரிசை செட்களில் போர்டின் எர்த் அந்தத் திருகு வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் சேஸிக்குப் போகிறது. வாஷருக்கு அடியில் துரு படிந்தால் ரிசீவர் காரணமில்லாமல் கத்தும், தட்டினால் சரியாகும், மறுநாள் மறுபடி வரும். ஒவ்வொரு திருகையும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். பச்சை பூத்திருந்தால் முழுக்கக் கழற்றி, தேய்த்து, பல் வைத்த வாஷர் புதிதாகப் போடுங்கள். வால்வு வால்வாக மாற்றியும் தீராத ஆசிலேஷன் இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடுவதுண்டு.

மூன்றாவது, போர்டில் உள்ள வால்வு சாக்கெட் கால்கள். ஃபீனாலிக் போர்டு, பல வருஷச் சூடு. கால் ஒவ்வொன்றையும் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 25 முதல் 30 வாட் அயர்னால் சுருக்கமாக உருக்குங்கள். அதிக நேரம் பிடித்தால் செம்புத் தடமே போர்டை விட்டு எழும்பிவிடும்.

நான்காவது, பச்சை நிறத்தில் உப்புப் பூத்த பற்றுகள் செட் முழுக்க இருந்தால், கட்டியவர் ஆசிட் ஃப்ளக்ஸ் போட்டிருக்கிறார். ஹீத் கம்பெனியே ஆசிட் கோர் சால்டர் போட்ட கிட்டுக்கு வாரன்டி கிடையாது என்று மேனுவலில் அச்சிட்டிருந்தது. அந்த மாதிரி செட்டை உதிரி பாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

#3 | தாமிரச்சுருள்

230 விஷயம். எச்பி-23 வரிசையில் பல பதிப்பு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் இரண்டு வைண்டிங் இருந்தால் 120-க்கு பேரலல், 240-க்கு சீரியஸ். கையில் உள்ளது எது என்று உங்க மேனுவல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. வயர் கலரை மட்டும் நம்பி இணைக்க வேண்டாம். சீரியஸ் இணைப்பில் ஒரு வைண்டிங் தலைகீழாகப் போனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பிரைமரி வெறும் செம்புக் கம்பி மாதிரி கரண்ட் இழுக்கும்.

ஒரே வைண்டிங் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். குறைந்தது 500 விஏ, 750 என்றால் நிம்மதி. கடையில் "கன்வர்ட்டர்" என்று விற்கும் எலெக்ட்ரானிக் டப்பா கூடவே கூடாது. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரை விட தனித்தனி வைண்டிங் உள்ளதே நல்லது.

பலர் கவனிக்காத ஒன்று: 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மரை அதே வோல்டேஜில் நம்ம 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கோரில் ஃப்ளக்ஸ் 20 சதவீதம் ஏறும். கோர் சாச்சுரேட் ஆகி, லோடு இல்லாமலேயே சூடாகும், உறுமும். லேபிளில் 50/60 என்று இருந்தால் கவலை இல்லை. 60 மட்டும் இருந்தால் லோடு இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு கையை வைத்துப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு என்றால் வோல்டேஜை வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பிளக்கும் பழைய இரண்டு பின் வயராக இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று கோர் வயர் போட்டு, பச்சை வயரை சேஸியில் லக் வைத்து இறுக்குங்க. இதில் 800 வோல்ட் இருக்கிறது. எர்த் இல்லாமல் தொடவே கூடாது.

---

#4 | மோர்ஸ்சாவி

ஈயப்பற்று சொன்னதை மதிக்கிறேன். ஆனால் கட்டியவர் கை மட்டுமே காரணம் என்று சொன்னால் பழைய கம்பெனிகளுக்கு இல்லாத பெருமை சேர்ந்துவிடும். டிசைனே பலவீனமாக இருந்த கிட்டுகள் உண்டு. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அவை அப்படித்தான் இருக்கும்.

எச்டபிள்யூ-7: 1972-இல் வந்த சின்ன மோர்ஸ் ரிக். டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர், ஒரே மாஸ்ஃபெட் டிடெக்டர். பக்கத்தில் பலமான ஏஎம் ஒலிபரப்பு இருந்தால் டயலை எங்கே திருப்பினாலும் அந்த நிலையம் பின்னணியில் பேசிக்கொண்டே இருக்கும். பெட்டியைத் தட்டினால் ஹெட்ஃபோனில் மணி அடிக்கும். அடுத்து வந்த எச்டபிள்யூ-8-இல் பேலன்ஸ்டு டிடெக்டர் போட்டபிறகுதான் அது அடங்கியது.

எஸ்பி-104: 1970-களின் நடுவில் வந்த முழு டிரான்சிஸ்டர் செட். டிஜிட்டல் டயல், பிராட்பேண்ட் ஃபைனல் (கடைசிப் பவர் நிலை) என்று காகிதத்தில் அருமை. ஆனால் ஒவ்வொரு போர்டும் எட்ஜ் கனெக்டரில் செருகி நிற்கிறது. கனெக்டர் கறுத்தால் செட்டின் பாதி போய்விடும். எஸ்பி-104ஏ என்று முன்பக்க ரிசீவரைத் திருத்தி மறுபடி வெளியிட்டதே முதல் பதிப்பில் குறை இருந்ததற்குச் சாட்சி.

எய்கோ 753 என்ற மூன்று பேண்ட் கிட் டிரான்சீவரின் விஎஃப்ஓ (டயலோடு அலைவரிசை மாறும் ஆசிலேட்டர்) நகர்ந்துகொண்டே, அதாவது டிரிஃப்ட் ஆகிக்கொண்டே இருந்ததால் அமெரிக்க ஹாம்கள் அதற்கு "செவன் டிரிஃப்டி த்ரீ" என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். அது கட்டியவர் குற்றம் இல்லை.

அந்தக் காலத்து ஆசைக்குக் காரணம் வேறு. அமெரிக்காவில் 1951-இல் நாவிஸ் (தொடக்க நிலை) லைசென்ஸ் வந்தது. 75 வாட் இன்புட், கிறிஸ்டல் கட்டுப்பாடு, மோர்ஸ். பள்ளிக்கூடப் பையன் கைக்காசில் வாங்கக்கூடிய டிரான்ஸ்மிட்டர் என்றால் கிட்தான். முதலில் ஏடி-1, பிறகு 90 வாட் டிஎக்ஸ்-60, நாவிஸுக்கென்றே 1967-இல் எச்டபிள்யூ-16. அவர்கள் இன்று அதே செட்டைத் தேடி வாங்குகிறார்கள், விலையும் ஏறுகிறது. அந்த விலையைத் தரத்தின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

---

#5 | ஈயப்பற்று

மோர்ஸ்சாவி, எஸ்பி-104 விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். எய்கோவும் அப்படியே.

ஆனால் ஹீத் எந்த இடத்தில் கட்டுகிறவரை நம்பியது, எந்த இடத்தில் நம்பவில்லை என்று பாருங்கள், தரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். எஸ்பி-300 ரிசீவர், எஸ்பி-101, எஸ்பி-102 இவற்றில் 5 முதல் 5.5 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் முழுவதும் ஃபேக்டரியிலேயே கட்டி, அலைன் செய்து, மூடிய பெட்டியாக வந்தது. எல்எம்ஓ என்று பெயர். கட்டுகிறவர் அதைத் திறக்கவே தேவையில்லை. 3.395 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஃபில்டரும் அப்படியே. தவறினால் செட்டையே கெடுக்கும் இரண்டு விஷயங்களை வீட்டு மேஜைக்கு அனுப்பவில்லை. அதனால்தான் எந்த எஸ்பி வரிசை செட்டின் டயலும் இன்றுவரை நம்பும்படி இருக்கிறது. காலின்ஸ் எஸ்-லைன் தோற்றத்தைப் பின்பற்றியது மட்டும் அந்தப் பெயரை வாங்கித் தரவில்லை.

எச்டபிள்யூ-101 அதே சர்க்யூட்டின் மலிவுப் பதிப்பு. மிச்சம் பிடித்தது எங்கே? விஎஃப்ஓவில். இதில் விஎஃப்ஓவைக் கட்டுகிறவரே கட்டினார், டயல் இழுவையும் எளிமையானது. ஆகவே ஒரு எச்டபிள்யூ-101-க்கும் இன்னொன்றுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரிவது அங்கேதான். குறுஅலை, நீங்கள் கடைசியில் அதிக நேரம் செலவழிக்கப்போவதும் அங்கேதான்.

---

#6 | குறுஅலை

மிக்க நன்றி. அடித்தட்டு பார்த்தாயிற்று. ஆசிட் இல்லை. கிரவுண்ட் லக் நான்கில் சால்டர் ஓடவில்லை, புதிதாக வைத்தாயிற்று. போர்டுத் திருகுகளையும் முடித்தாயிற்று. சப்ளையில் இரண்டு பிரைமரி இருக்கிறது, லேபிளில் 50/60.

பழைய செட் என்றால் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார்களே? கலர் பட்டை போட்ட பழுப்பு ரெசிஸ்டர்களும் நிறைய இருக்கின்றன.

---

#7 | நாற்பதுமீட்டர்

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் சார். அந்தப் பழக்கம் 1950-கள் ரேடியோக்களிலிருந்து வந்தது. அதில் பேப்பர் கண்டன்சர் (கெப்பாசிட்டருக்குப் பழைய பெயர்), அது கண்டிப்பாக லீக் ஆகும். டிஎக்ஸ்-100 மாதிரி 1950-கள் செட்டாக இருந்தால் பேப்பர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருப்பேன். உங்க எச்டபிள்யூ-101-இல் பெரும்பாலும் செராமிக் டிஸ்க், சில்வர் மைக்கா. அவை கெடுவது குறைவு. தேவையில்லாமல் பிடுங்கினால் ஃபீனாலிக் போர்டின் தடம்தான் பிய்யும். எலெக்ட்ரோலிட்டிக் மட்டும் சந்தேகத்துக்கு உரியது: சப்ளையில் உள்ளவை, செட்டுக்குள் ஆடியோ பக்கத்தில் உள்ளவை. அதே மதிப்பு, அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி ரகம் போடுங்க.

ரெசிஸ்டர்தான் உண்மையான தலைவலி. அந்தப் பழுப்பு உருளைகள் கார்பன் காம்போசிஷன். ஈரமும் சூடும் சேர்ந்தால் மதிப்பு மேலே ஏறும், அநேகமாக ஏறத்தான் செய்யும். 100 கிலோ ஓமுக்கு மேற்பட்டவை மோசமாக ஏறும். ஸ்கிரீனுக்கும் பிளேட்டுக்கும் போகும் ரெசிஸ்டர் ஏறினால் அந்த வால்வின் கெயின் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். செட் பழுது ஆகாது, காது மட்டும் மந்தமாகும்.

ஒவ்வொன்றின் காலையும் தூக்கி அளக்க வேண்டியதில்லை. செட் ஆஃப், பிளக் வெளியே, கண்டன்சர் டிஸ்சார்ஜ் ஆனபிறகு, போர்டில் இருக்கும்போதே மல்டிமீட்டரை வையுங்க. பக்கத்து வழிகள் சேர்ந்தால் ரீடிங் குறையத்தான் முடியும், கூட முடியாது. ஆகவே பட்டையில் போட்டிருப்பதை விட ரீடிங் அதிகம் என்றால் அந்த ரெசிஸ்டர் நிச்சயம் ஏறிவிட்டது. குறைவு என்றால் ஒன்றும் முடிவு கட்ட முடியாது, சந்தேகம் இருந்தால் மட்டும் ஒரு காலைத் தூக்குங்க. மீட்டரை மாட்டியதும் ரீடிங் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் கண்டன்சர் சார்ஜ் ஆகிறது, நிற்கும்வரை பொறுங்க. 20 சதவீதத்துக்கு மேல் போனதை மெட்டல் ஃபிலிம் போட்டு மாற்றுங்க. வாட் கணக்கில் ஒரு படி மேலே, வோல்டேஜ் ரேட்டிங்கும் பாருங்க. கால் வாட் ஃபிலிம் ரெசிஸ்டர் பல 250 வோல்ட்தான் தாங்கும்.

பேண்ட் சுவிட்ச், மோட் சுவிட்ச்: கான்டாக்ட் கிளீனரை ஸ்பிரே செய்ய வேண்டாம். ஃபீனாலிக் வேஃபர் ஊறினால் உப்பும், பிறகு காலுக்குக் கால் லீக்கேஜ். பல்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்து கான்டாக்டில் மட்டும் தொட்டு, சுவிட்சை இருபது முப்பது தடவை திருப்புங்க.

---

#8 | தாமிரச்சுருள்

இப்போ கரண்ட் கொடுக்கலாம். அவசரம் வேண்டாம்.

சப்ளையை முதலில் தனியாகச் சோதியுங்க. எச்பி-23-இன் ஆன்/ஆஃப் சுவிட்ச் சப்ளையில் இல்லை, ரேடியோவின் பேனலில் இருக்கிறது. மெயின்ஸ் வயர் அந்த 11 பின் கேபிள் வழியாகப் போய்த் திரும்புகிறது. அதாவது கேபிள் முனையிலேயே மெயின்ஸ் உண்டு. எந்தப் பின் என்று மேனுவலில் பார்த்து, தற்காலிகமாக ஜம்பர் போட்டு, டேப் சுற்றி மூடிவிட்டுத்தான் பிளக்கை மாட்ட வேண்டும்.

மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸாக வையுங்க. சப்ளை மட்டும் என்றால் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் எரிந்தால் டயோடோ கண்டன்சரோ ஷார்ட். மங்கினால் அப்படியே அரை மணி விடுங்க, பழைய கண்டன்சரின் ஆக்சைடு படலம் மெல்ல மறுபடி உருவாகட்டும். பிறகு பல்பை எடுத்துவிட்டு அளந்தால் லோடு இல்லாமல் எச்டி (உயர் வோல்டேஜ்) சுமார் 820 வோல்ட், பயஸ் (வால்வின் கரண்டை அடக்கும் நெகட்டிவ் வோல்டேஜ்) சுமார் மைனஸ் 130, ஹீட்டர் 12.6 ஏசி சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும்.

ரேடியோவோடு சேர்த்த பிறகு அதே பல்பை வைத்தால் அது அணையாது. ஹீட்டர் மட்டுமே 70 வாட் அளவுக்கு எடுக்கும். அதை ஷார்ட் என்று நினைக்க வேண்டாம். ஹீட்டர்கள் 12.6 வோல்டில் இரண்டிரண்டாகத் தொடரில் இருக்கின்றன, ஃபைனல் வால்வுகளான 6146 ஜோடியும் அப்படியே. ஒரு வால்வைப் பிடுங்கினால் அதன் ஜோடியும் அணையும். சோதனைக்காக நடுவில் வால்வைக் கழற்றி ஓட்டவே வேண்டாம்.

முக்கியமான அளவு: ஃபைனல்களின் தொப்பி வயர் இரண்டையும் கழற்றி எட்டத் தள்ளிக் கட்டிவிட்டு, இரண்டு 6146-இன் 5-ஆம் பின்னில் நெகட்டிவ் வோல்டேஜ் வருகிறதா பாருங்க. ரிசீவில் பயஸ் முழுதாக நிற்க வேண்டும். அங்கே பூஜ்யம் என்றாலோ பாசிட்டிவ் என்றாலோ மேலே போகக் கூடாது. பயஸ் ரெசிஸ்டர் திறந்திருக்கலாம், டிரைவரிலிருந்து வரும் கப்ளிங் கண்டன்சர் லீக் ஆகலாம். பயஸ் இல்லாமல் 800 வோல்ட் போனால் பிளேட் சிவந்து சில நொடிகளில் வால்வு போய்விடும். எல்லாம் சரி என்றபிறகு, டிரைவ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டில் பயஸ் பாட்டைத் திருப்பி பிளேட் கரண்ட் 50 மில்லி ஆம்பியர் வையுங்க.

---

#9 | குறுஅலை

பயஸ் சரி, 50 மில்லி ஆம்பியர் வைத்தாயிற்று. 80, 40, 20, 15 நான்கிலும் ரிசீவ் இருக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸ் காலிபரேட்டர் விசில் எல்லா இடத்திலும் கேட்கிறது. 28.0, 29.0, 29.5 கேட்கிறது. 28.5 மட்டும் செத்துக் கிடக்கிறது.

இன்னொன்று: டயலை மெதுவாகத் திருப்பும்போது அலைவரிசை தாவுகிறது. கையை எடுத்தபிறகும் சில சமயம் தாவும். கூடவே உதிரியாக 6146பி ஜோடி ஒன்று வந்திருக்கிறது, போடலாமா?

---

#10 | ஈயப்பற்று

28.5 மட்டும் இல்லை என்றால் வேலை சுலபம். ஒவ்வொரு பேண்ட் நிலைக்கும் தனி ஹெட்டரோடைன் கிறிஸ்டல். கணக்கு இது: பேண்டின் கீழ் விளிம்போடு 8.895 கூட்டினால் கிறிஸ்டல் அலைவரிசை.

80 மீட்டர்: 12.395
40 மீட்டர்: 15.895
20 மீட்டர்: 22.895
15 மீட்டர்: 29.895
28.0: 36.895
28.5: 37.395
29.0: 37.895
29.5: 38.395

எல்லாம் மெகாஹெர்ட்ஸ். விஎஃப்ஓ 5.5-இலிருந்து 5.0-க்குக் கீழ்நோக்கிப் போகும்போது டயல் மேலே ஏறும். அதோடு 3.395 சேர்ந்து 8.895 முதல் 8.395 வரை. கிறிஸ்டலிலிருந்து இதைக் கழித்தால் நீங்கள் கேட்கும் அலைவரிசை.

பக்கத்து 10 மீட்டர் நிலைகள் வேலை செய்வதால் அந்த ஆசிலேட்டர் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சம் மூன்று: சுவிட்சில் அந்த ஒரு கான்டாக்ட், கிறிஸ்டல், அல்லது காயில் ஸ்லக் (காயிலுக்குள் திருகும் ஃபெரைட் துண்டு) விளிம்பில் நிற்பது. முதலில் கான்டாக்ட். அடுத்து 37.395 கிறிஸ்டலையும் 37.895 கிறிஸ்டலையும் இடம் மாற்றிப் பாருங்கள். பழுது கிறிஸ்டலோடு போனால் கிறிஸ்டல் செத்தது. அதே நிலையில் நின்றால் கான்டாக்ட் அல்லது காயில். ஸ்லக் திருப்ப அறுகோண பிளாஸ்டிக் டூல் மட்டும். உலோக ஆலன் கீ போட்டால் ஃபெரைட் நெடுக்கே பிளந்துகொண்டு காயிலுக்குள்ளேயே சிக்கும். இறுகிப்போயிருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் பழைய மெழுகு இளகும்.

தாவுவதற்கு முதல் காரணம் விஎஃப்ஓ டியூனிங் கண்டன்சரின் சுழலும் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த் ஸ்பிரிங். அது உலர்ந்து கறுத்தால் தகடுகளின் எர்த் நூறு இடத்தில் நூறு விதமாகத் தொடும். விஎஃப்ஓ மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் மெல்லிய அட்டைத் துண்டில் கிளீனர் நனைத்து இழுத்து எடுங்கள். அட்டை சாம்பல் நிறத்தில் வரும், வராதவரை செய்யுங்கள். தகடுகளைத் தொடாதீர்கள், வளைந்தால் டயல் அளவே மாறும். பிறகு விஎஃப்ஓ பெட்டியின் திருகுகளைச் சமமாக இறுக்குங்கள். முக்கால் மணி நேரம் சூடான பிறகு மணிக்கு 100 ஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. நன்றாகக் கட்டிய செட் அதை எட்டும்.

---

#11 | மோர்ஸ்சாவி

6146பி வேண்டாம். 6146-உம் 6146ஏ-வும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். பி வேறு வால்வு என்றே வையுங்கள். உள் கெப்பாசிட்டன்ஸ் வேறு, அதே பயஸில் இழுக்கும் கரண்டும் வேறு. இந்தச் செட்டின் நியூட்ரலைசேஷன் (வால்வுக்குள் திரும்பிப் பாயும் சிக்னலை ரத்து செய்யும் ஏற்பாடு) வீச்சு அதற்குப் போதாமல் போவதுண்டு, அப்போது ஃபைனல் தானாகவே ஆசிலேட் செய்யும். 6146டபிள்யூ என்று அச்சிட்டது இன்னும் குழப்பம். வருஷத்தையும் கம்பெனியையும் பொறுத்து உள்ளே ஏ இருக்கும், பி-யும் இருக்கும்.

எந்த 6146 மாற்றினாலும் நியூட்ரலைசேஷன் மறுபடி செய்தாக வேண்டும். மேனுவல் சொல்கிறபடி ஃபைனலின் எச்டியையும் ஸ்கிரீனையும் துண்டித்து, 10 மீட்டரில் டிரைவ் கொடுத்து, ஆன்டெனா சாக்கெட்டில் ஆர்எஃப் புரோப் வைத்து, நியூட்ரலைசிங் கண்டன்சரை ரீடிங் அடிமட்டத்துக்கு வரும்வரை திருப்புங்கள். எல்லாம் திரும்ப இணைத்தபின் சோதிக்க ஒரு வழி உண்டு: பிளேட் டியூனைத் திருப்பும்போது பிளேட் கரண்டின் பள்ளமும் அவுட்புட்டின் உச்சமும் ஒரே இடத்தில் வர வேண்டும். தள்ளித்தள்ளி வந்தால் இன்னும் சரியாகவில்லை.

---

#12 | பேடில்

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள் அண்ணா. எஸ்பி-220 லீனியர் (பவர் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று விலைக்கு வருகிறது. இன்றைய டிரான்சீவரோடு நேரே இணைக்கலாமா? கூடவே, கிட் பழக ஆரம்பிக்கிறவருக்குப் பழைய ஹீத்கிட்டில் எது தோது?

---

#13 | தாமிரச்சுருள்

நேரே இணைக்கக் கூடாது தம்பி. எஸ்பி-220-இன் ரிலே லைனில் 100 வோல்டுக்கு மேல் டிசி நிற்கும். இன்றைய செட்டின் கீயிங் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. நடுவில் சின்ன 12 வோல்ட் ரிலேயோ, 400 வோல்ட் மாஸ்ஃபெட் பஃபரோ வேண்டும். எஸ்பி-200 என்றால் அந்த லைன் நெகட்டிவ். துருவத்தை அளந்து பார்த்த பிறகுதான் மாஸ்ஃபெட்.

அதைவிடப் பெரிய விஷயம் உள்ளே உள்ள 3000 வோல்ட். 200 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் எட்டு தொடரில், மொத்தம் 25 மைக்ரோஃபாரட். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 30 கிலோ ஓம் பிளீடர் (சார்ஜை வடிக்கும் ரெசிஸ்டர்), மொத்தம் 240 கிலோ ஓம். டைம் கான்ஸ்டன்ட் 6 விநாடி. பிளீடர் எட்டும் நன்றாக இருந்தால் அரை நிமிஷத்தில் 20 வோல்டுக்கு இறங்கிவிடும். ஒரு பிளீடர் திறந்திருந்தால் அந்த ஒரு கண்டன்சர் மட்டும் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும், மீட்டர் அதைக் காட்டாது. மூடியைத் திறந்தால் எச்டியை ஷார்ட் செய்யும் ஸ்பிரிங் ஏற்பாடு உள்ளே உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் விட்டு, இன்சுலேட்டட் குச்சியில் எர்த் வயரைக் கட்டி ஒவ்வொரு கண்டன்சரையும் தனித்தனியாகத் தொட்டுவிட்டுத்தான் கை. வாங்கும்போதே அந்த எட்டையும், எட்டு பிளீடரையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்க. 3-500இசட் வால்வு ஜோடிக்கு எமிஷன் இருக்கிறதா என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, புது வால்வு விலை லீனியர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

---

#14 | நாற்பதுமீட்டர்

பழகுவதற்கு எச்டபிள்யூ-8. மோர்ஸ் மட்டும், 80, 40, 20, 15, சுமார் 2 வாட், 12 வோல்ட். ஷாக் பயம் இல்லை. பழுது என்றால் பெரும்பாலும் பேண்ட் பட்டன் கான்டாக்ட்தான். ஆனால் அது ஏற்கெனவே யாரோ கட்டி முடித்தது. பழுதுபார்ப்பு வரும், கட்டும் பழக்கம் வராது. ஹீத் 1992-இல் கிட் விற்பதை நிறுத்திவிட்டது. கட்டாத பெட்டி எங்காவது கிடைத்தாலும் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள்.

கட்டிப் பழக வேண்டும் என்றால் ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ். வீதியில் கிடைக்கும் பாகங்களை வைத்தே கட்டும்படி யோசித்த எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல்) டிரான்சீவர். அதன் சர்க்யூட்டைப் புரிந்துகொண்டு கட்டி முடித்தால் எச்டபிள்யூ-101-இன் பிளாக் டயகிராம் தானாகவே புரியும். மிக்சர், கிறிஸ்டல் ஃபில்டர், விஎஃப்ஓ எல்லாம் அதே ஆட்கள்.

---

#15 | குறுஅலை

28.5 வந்துவிட்டது, சுவிட்ச் கான்டாக்ட்தான். ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்ததும் டயல் தாவலும் நின்றது. 6146பி பெட்டிக்குள் போயாயிற்று. டிரான்ஸ்மிட் டியூனிங் மட்டும் யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள்.

---

#16 | ஈயப்பற்று

50 ஓம் டம்மி லோடு மாட்டுங்கள், 100 வாட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். டியூன் நிலையில் டிரைவை மிகக் குறைவாக வைத்து, பிரீசெலக்டரைக் கிரிட் கரண்ட் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பிளேட் டியூனைத் திருப்பி கரண்ட் பள்ளத்தைப் பிடியுங்கள். டிரைவைக் கொஞ்சம் ஏற்றி, லோடை ஒரு படி, பிளேட்டை மறுபடி பள்ளத்துக்கு, இப்படி மாறி மாறி அவுட்புட் மேலே ஏறாத இடம் வரை. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் கீ பிடிக்காதீர்கள், அரை நிமிஷம் ஆறவிட்டு மறுபடி. பள்ளத்தைத் தேடும்போது பிளேட் கரண்ட் உச்சியில் நின்றுவிட்டால் உடனே கீயை விடுங்கள், 6146 அந்த நிலையில்தான் வேகமாகக் கெடும்.

ஒவ்வொரு பேண்டிலும் பிரீசெலக்டர், பிளேட், லோடு எங்கே நின்றன என்று சின்ன அட்டையில் குறித்து சப்ளை மேல் ஒட்டிவையுங்கள். அடுத்த தடவை அங்கிருந்தே தொடங்கினால் டியூன் நேரம் பாதியாகும். 30, 17, 12 மீட்டரைத் தேடாதீர்கள், இந்த டிசைன் அந்த பேண்டுகளை ஹாம்களுக்குக் கொடுத்த 1979 மாநாட்டுக்கு முந்தியது. எஸ்எஸ்பியில் மைக் கெயினை ஏஎல்சி (டிரைவைத் தானாக மட்டுப்படுத்தும் சர்க்யூட்) ஊசி லேசாக அசையும் அளவோடு நிறுத்துங்கள்.

73 (வாழ்த்துகள்)